பல்கலைக்கழகம் புகுமுன் ஒரு பயணம்

க.பொ.த. உயர்தரப் பரீட்சை முடிவு வெளியாகும் நாள் தொடக்கம் பல்கலைக்கழக விண்ணப்பத்தை அனுப்பிவைக்கும் நாள் வரையுள்ள சில வாரங்கள், நம் தமிழ்க் குடும்பங்களிலே பெருங் கலக்கம் நிறைந்த வாரங்களாகும். பிள்ளைக்கு வந்த புள்ளியைக் கேட்டு அயலவர் வருவர்; மாமன்மார் தொலைபேசியில் ஆலோசனை கூறுவர்; சோதிடர் வீட்டுக்கும் ஒரு நடை போய்வருதல் உண்டு. இவ்வளவும் செய்கிற நாம் ஒன்றை மட்டும் செய்வதில்லை. பிள்ளை சென்று வாழப்போகும் இடத்தைப் போய்ப் பார்ப்பதில்லை.

காணி வாங்குபவன் கிணற்று நீரை ஒரு மிடறு குடித்துப் பார்த்தே முற்பணம் கொடுப்பான். மாடு வாங்குபவன் அதன் பல்லைப் பிடித்துப் பார்ப்பான். மூன்று நான்கு ஆண்டுகளை, சில பாடநெறிகளுக்கு ஐந்து ஆண்டுகளை, அதுவும் வாழ்நாளின் மிகச் சிறந்த ஆண்டுகளை ஒப்படைக்கும் இடத்தை மட்டும் பெயரை நம்பியே ஏற்றுக்கொள்கிறோம். இது முறையன்று என்பதை எடுத்துக்காட்டவே பேராதனைக்குச் சென்றுவந்த ஒரு நாட் பயணத்தை இங்கே எழுதுகின்றேன்.

எம்முடன் வந்தவர் மூவர். நாவலப்பிட்டிக்கு மேலேயுள்ள தேயிலைத் தோட்டமொன்றிலே தொழில்புரியும் தகப்பனார் ஒருவர். அவருடைய மூத்த மகள். அவளுக்கு இளைய தம்பி. மகள் ஹற்றனிலே உயிரியற் பிரிவிற் படித்து இரண்டாந் தரம் பரீட்சை எழுதியவள். பெற்ற இசட் புள்ளி நல்ல புள்ளியே. ஆயினும் முந்திய ஆண்டில் நுவரெலியா மாவட்டத்தவர் மருத்துவ பீடம் புகுவதற்கு வேண்டியிருந்த வெட்டுப்புள்ளியை அது எட்டவில்லை. மூன்றாந் தரமும் எழுதவேண்டுமென்பது தகப்பனாரின் விருப்பம். பரீட்சை மூன்று தரத்துக்கு மேல் எழுதிப் பல்கலைக்கழகம் புக இயலாது. ஆகவே, எஞ்சியிருந்தது ஒரேயொரு தரந்தான். மகளோ வாய்திறந்து ஒன்றுஞ் சொல்லாள். "மாஸ்டர், நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க" என்று தகப்பனார் என்னிடம் வந்தார். வார்த்தையாற் சொல்வதிலும் காலாற் சென்று காண்பது மேல் என்று எனக்குத் தோன்றிற்று.

நாவலப்பிட்டியிலே மகாவலி கங்கை நம்மோடு சேர்ந்துகொள்கிறது. அங்கிருந்து கம்பளைக்கும், கம்பளையிலிருந்து பேராதனைக்கும் வீதியும் ஆறும் ஒன்றையொன்று விட்டு அகலாமல் இறங்கிச் செல்கின்றன. பதினான்காம் நூற்றாண்டிலே அரசிருக்கையாய் விளங்கிய கம்பளை இன்று கடைகளும் நெரிசலும் மிகுந்த நகரம். அதைத் தாண்டினால் தேயிலை குறைந்து, தென்னையும் பாக்கும் மிளகுக்கொடியும் தோன்றுகின்றன. காற்றிலிருந்த குளிர் தணிகிறது. மலையிலே பிறந்து வளர்ந்த அந்தப் பெண் மேலங்கியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டாள். யாழ்ப்பாணத்திலிருந்து வருபவனுக்கு இதே பேராதனை குளிரும். ஊர் ஒன்றே, வருகின்ற உடம்புகள் வேறு.

பேராதனையிலே பேருந்து ஆற்றைக் கடந்ததும் கலஹாச் சந்தியில் இறங்கிக்கொண்டோம். புகழ்பெற்ற தாவரவியற் பூங்கா சற்று அப்பாலே இருக்கிறது. சுற்றுலாவுக்கு வருவோர் அந்தப் பூங்காவைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போய்விடுவர். பல்கலைக்கழகத்தைக் காண விரும்புவோர் கலஹா வீதி வழியே நடக்க வேண்டும். இவ்வீதி பல்கலைக்கழகத்தின் நடுவே செல்கிறது. ஒருபுறம் மகாவலி ஓடுகிறது. மறுபுறம் ஹந்தானை மலை எழுந்து நிற்கிறது. மரங்கள் அடர்ந்து நிழல் செய்கின்றன. மந்திகள் கூரைமேலிருந்து நம்மை ஆராய்கின்றன.

இவ்விடத்தின் கதையை மாணவர்கள் அறிந்திருத்தல் நன்று. இலங்கைக்கு ஒரு பல்கலைக்கழகம் வேண்டுமென்று 1906இலேயே சங்கம் அமைத்துக் குரலெழுப்பியவர்களுள் முதன்மையானவர் சேர் பொன்னம்பலம் அருணாசலம். அவ்விருப்பம் நிறைவேற முப்பத்தாறு ஆண்டுகள் சென்றன. 1870இல் தோன்றிய மருத்துவக் கல்லூரியையும், 1921இல் தோன்றிய பல்கலைக்கழகக் கல்லூரியையும் ஒன்றாக்கி, 1942 யூலை முதலாந் திகதி இலங்கைப் பல்கலைக்கழகம் கொழும்பிலே நிறுவப்பெற்றது. சேர் ஐவர் ஜெனிங்ஸ் அதன் முதலாவது துணைவேந்தர். பல்கலைக்கழகத்தை எங்கே அமைப்பது என்பதற்கே நாட்டில் நெடுங்காலம் வாதப்போர் நிகழ்ந்தது. தலைநகரிலேயே இருக்கட்டும் என்றார் ஒரு சாரார். நகர ஆரவாரத்துக்கு அப்பால் மாணவரும் ஆசிரியரும் ஒருங்கே உறைந்து கற்கும் இடம் வேண்டும் என்றார் மறுசாரார். பின்னவர் கருத்தே வென்றது. 1952இல் மாணவர்கள் பெருந்தொகையாகப் பேராதனைக்கு வந்து சேர்ந்தனர். 1954 ஏப்ரில் 20ஆந் திகதி, எலிசபெத் மகாராணியார் உடனிருக்க, எடின்பரோக் கோமகன் அதனை முறைப்படி திறந்துவைத்தார்.

ஆகவே, பேராதனையின் கட்டடங்களைப் பார்க்கும்பொழுது விரிவுரை மண்டபத்தை மட்டும் பார்த்தாற் போதாது. விடுதிகளையும் பார்க்க வேண்டும். இங்கே விடுதியென்பது உறங்குமிடம் மட்டுமன்று. கல்வியின் ஒரு பாதி அங்கேதான் என்று கருதியே இதனை வகுத்தார்கள். அருணாசலம் விடுதி, அவர் தமையனார் பெயரால் அமைந்த இராமநாதன் விடுதி, ஜயதிலக்க விடுதி, ஹில்டா ஒபேசேகர விடுதி, சங்கமித்தை விடுதி, மார்ஸ் விடுதி எனப் பல இங்குண்டு. காங்கேசன்துறைப் பிள்ளையும் காலிப் பிள்ளையும் அக்கரைப்பற்றுப் பிள்ளையும் ஒரே கூரையின்கீழ் ஒரே சோற்றையுண்டு வாழக் கற்கும் இடங்கள் இவை. நாட்டின் துயரங்கள் இவ்வளாகத்தையும் தீண்டாமல் விடவில்லை. எனினும் பிறமொழி பேசும் ஒருவனை முதன்முதலாக நண்பனாகப் பெற்றது பேராதனையிலேதான் என்று கூறும் பெரியோர் நம்மிடையே பலர் உளர்.

ஆட்சிமன்றக் கட்டடத்தின் முன்னே சிறுவன் நின்றுவிட்டான். கண்டிய மரபிலே அமைந்த கூரையும், செதுக்கிய கற்றூண்களும் அவனைக் கவர்ந்தன. "இது கோயிலா மாஸ்டர்?" என்றான். அல்ல என்றேன். கோயிலும் இங்கே உண்டு. ஹந்தானைச் சரிவிலே குறிஞ்சிக்குமரன் ஆலயம் இருக்கின்றது. பௌத்த விகாரையும் கிறிஸ்தவ தேவாலயமும் பள்ளிவாசலும் உண்டு.

திறந்தவெளி அரங்கைப் பார்த்துக்கொண்டு சற்று நேரம் இருந்தோம். மரங்களினிடையே சரிவிலே அமைந்த அவ்வரங்கு இன்று பேராசிரியர் எதிரிவீர சரச்சந்திரவின் பெயரைத் தாங்கி நிற்கிறது. தமிழருக்கும் பேராதனையிலே நாடகப் பெருமை உண்டு. பேராசிரியர் சு. வித்தியானந்தன் 1960களில் மாணவர்களைக் கொண்டு கர்ணன் போர், நொண்டி நாடகம், இராவணேசன், வாலிவதை ஆகிய கூத்துகளை மேடையேற்றினார். கிராமத்துக் களரியிலே விடிய விடிய ஆடப்பட்ட கூத்து, பல்கலைக்கழக மாணவரின் காலிலே சலங்கையாய் ஏறி நாடெங்குஞ் சென்றது. அதற்கு முன்னர், 1943இல், விபுலாநந்த அடிகளார் இலங்கைப் பல்கலைக்கழகத்தின் முதலாவது தமிழ்ப் பேராசிரியரானார். இவற்றை அந்தப் பெண்ணுக்குச் சொன்னதற்குக் காரணம் உண்டு. பரீட்சைக்குப் படித்துப் படித்துக் களைத்த பிள்ளைகள், பல்கலைக்கழகமென்பது இன்னும் பெரிய ரியூசன் வகுப்பு என்று எண்ணிவிடுகிறார்கள். அங்ஙனமன்று. புள்ளியிட முடியாத பலவும் அங்கே கற்கக் கிடைக்கும்.

பின்னர் மகாவலிக்கு மேலேயுள்ள அக்பர் பாலத்தால் நடந்து பொறியியற் பீடத்துக்குப் போனோம். அப்பீடம் ஆற்றின் மறுகரையிலே இருக்கிறது. நடைபாலத்தின் நடுவே நின்று பார்த்தால் கீழே செந்நிற நீர், மேலே மலை. பாலத்திலே நம்மைக் கடந்து சென்ற மாணவனொருவன் கிளிநொச்சிக்காரன். தமிழ்க் குரல் கேட்டு நின்றான். பொறியியலிலே முதலாண்டில் எல்லாரும் பொதுவான பாடங்களையே கற்பர் என்றும், அதன் பின்னரே குடிசார், மின், இயந்திரம் என்று பிரிவர் என்றும், விரும்பிய பிரிவு கிடைப்பது முதலாண்டுப் பெறுபேற்றைப் பொறுத்தது என்றும் விளக்கினான். "உள்ளே வந்தாச்சு, இனி ஆறலாம் எண்டு நினைச்சவை கனபேர் பிறகு கஷ்டப்பட்டவை" என்றான். சிறுவனுக்கு அவ்வார்த்தை ஒரு பாடம்.

தகப்பனார் இவ்வளவு நேரமும் பேசாமல் வந்தார். மருத்துவ பீடத்தின் பக்கமே அவர் கண் அடிக்கடி சென்றது. அவரைக் குறைகூறுவதற்கில்லை. தோட்டத்திலே நோயுற்றவரை வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்லும் துன்பத்தைக் கண்டவர் அவர். 'டாக்டர்' என்னும் சொல் அவருக்கு வெறும் பெருமையன்று. தம் மக்களுக்கு ஒரு காவல். அத்தகைய ஆசையைச் சிறுமையென்று ஒதுக்குபவர் மலையகத்தை அறியாதவர்.

கால்நடை மருத்துவ பீடத்தைச் சேர்ந்த போதனா வைத்தியசாலைக்குச் சென்றபோது நண்பகலாகிவிட்டது. நாய்களையும் பூனைகளையும் ஏந்திக்கொண்டு பலர் காத்திருந்தனர். கன்றுக்குட்டியொன்றை வாகனத்திலிருந்து இறக்கிக்கொண்டிருந்தார்கள். அதுவரை நமக்குப் பின்னாலேயே நடந்துவந்த பெண் இப்பொழுது முன்னே சென்றாள். அவர்கள் வீட்டிலே இரண்டு பசுக்கள் உண்டு. காலையிலே பாலைச் சேகரிப்பு நிலையத்திற் கொடுத்துவிட்டுப் பள்ளிக்கூடம் போனவள் அவள்.

வவுனியாவைச் சேர்ந்த மாணவனொருவன் வெள்ளை மேலங்கியுடன் வந்து எம்மோடு பேசினான். பெண் ஒன்றன்பின் ஒன்றாக வினாக்களை அடுக்கினாள். எத்தனை பாடங்கள், எந்த மொழியிற் கற்பிக்கிறார்கள், பெண்கள் எத்தனை பேர், வேலை எங்கே கிடைக்கும் என்று அவள் கேட்டதைக் கண்டு எனக்கு வியப்பாயிற்று. ஓராண்டிலே அவள் என்னிடம் பேசியதனைத்தையுஞ் சேர்த்தாலும் அவ்வளவு வராது.

தகப்பனாரும் ஒரு வினாக் கேட்டார். "தம்பி, மாட்டுக்கு மடிநோய் வந்தா பால் குறைஞ்சிடுது. சில நேரம் நோயே தெரியல்ல, பால் மட்டும் குறையுது. அதெல்லாம் இங்க படிப்பாங்களா?"

"அதுதான் ஐயா முக்கியமாப் படிக்கிறது" என்றான் அம்மாணவன். மடியிலே கிருமி புகுவதால் அந்நோய் வருகிறதென்றும், வீக்கமும் சிவப்பும் தோன்றாமல் உள்ளேயே இருக்கும் வகையும் உண்டென்றும், அதனைக் கண்ணாற் காண முடியாது, பாலைச் சோதித்தே அறியலாமென்றும் சொன்னான். கறப்பதற்கு முன்னும் பின்னும் மடியையும் கையையும் சுத்தஞ் செய்வதாலேயே பெரும்பகுதியைத் தடுக்கலாம் என்றும் கூறினான். ஒரு பசுவின் பால் குறைந்தால் ஒரு வீட்டின் மாத வருமானத்தில் எவ்வளவு குறையும் என்பதைத் தகப்பனாருக்கு எவரும் சொல்ல வேண்டியதில்லை. அவர் கன்றுக்குட்டியையே பார்த்துக்கொண்டு நெடுநேரம் நின்றார்.

ஆற்றங்கரையில் அமர்ந்து கட்டுச்சோறு உண்டபோது அவர் மகளிடம், "புள்ள, ஒனக்கு இதுதான் புடிச்சிருக்கா?" என்றார்.

"ஆமாப்பா. டாக்டருக்குக் கெடைச்சாலும் நான் இதைத்தான் கேட்பேன். நீங்க கோவிப்பீங்கன்னுதான் சொல்லல்ல."

"கோவிக்க என்ன இருக்கு? இப்படி ஒரு இடம் இருக்குன்னே எனக்குத் தெரியாதே."

மருத்துவமே மேலென்றோ கால்நடை மருத்துவமே மேலென்றோ தீர்ப்புக் கூறுவதற்காக இதனை நான் எழுதவில்லை. மருத்துவத்திலேயே மனம் பதிந்த பிள்ளை மூன்றாந் தரமும் எழுதுவதிற் பிழையில்லை. ஆனால் தெரியாமையினாலே ஓராண்டை இழப்பது வேறு. தெரிந்து ஓராண்டைச் செலவிடுவது வேறு. அந்தக் குடும்பம் முதலாவதற்கு மிக அண்மையிலே வந்து தப்பிற்று. விண்ணப்பத்தை நிரப்பியபோது அவள் கால்நடை மருத்துவத்தை முதலாவதாகவும், பேராதனையின் விவசாய பாடநெறியை அடுத்ததாகவும் தன் கைப்பட எழுதினாள். தகப்பனார் பக்கத்திலிருந்தார்.

இனி, விண்ணப்பம் நிரப்பவிருக்கும் ஏனைய பிள்ளைகளுக்கும் பெற்றோருக்கும் சில சொல்ல விரும்புகின்றேன்.

முதலாவது, இசட் புள்ளியை விளங்கிக்கொள்ளுங்கள். 2001ஆம் ஆண்டு தொடக்கம் பல்கலைக்கழக அனுமதிக்கு இதுவே அடிப்படை. ஒரு பாடத்தில் நீர் பெற்ற புள்ளியிலிருந்து அப்பாடத்தின் சராசரிப் புள்ளியைக் கழித்து, வருவதை நியம விலகலால் வகுத்தாற் கிடைப்பது அப்பாடத்துக்குரிய இசட் புள்ளி. மூன்று பாடங்களுக்கும் உரியவற்றின் சராசரியே உமது இசட் புள்ளி. ஓர் உதாரணம்: சராசரி 50, நியம விலகல் 15 உள்ள பாடத்தில் 65 பெற்றவனுக்கு 1 கிடைக்கும். சராசரி 40, நியம விலகல் 10 உள்ள பாடத்தில் 60 பெற்றவனுக்கு 2 கிடைக்கும். அறுபது அறுபத்தைந்தை வென்றுவிட்டது! ஆகவே "அந்தப் பாடம் கடினம், புள்ளி வராது" என்று அஞ்சிப் பாடத்தை மாற்றுதல் அறிவன்று. உமக்கு எது நன்றாக வரும் என்பதைப் பார்த்தே உயர்தரப் பாடங்களைத் தெரிந்துகொள்ளுங்கள்.

இரண்டாவது, இடங்கள் பகிரப்படும் முறையை அறிந்துகொள்ளுங்கள். பெரும்பாலான பாடநெறிகளுக்கு 40 வீதமான இடங்கள் அகில இலங்கைத் திறமை அடிப்படையிலும், 55 வீதம் மாவட்டங்களின் சனத்தொகைக்கேற்பவும், 5 வீதம் கல்வி வசதியிற் பின்தங்கிய பதினாறு மாவட்டங்களுக்கும் வழங்கப்படுகின்றன. வடக்கு, கிழக்கு மாவட்டங்களும் நுவரெலியாவும் பதுளையும் இப்பதினாறினுள் அடங்கும். ஆகையால் கொழும்பிலுள்ள ஒன்றுவிட்ட அண்ணனின் வெட்டுப்புள்ளியைக் கேட்டு மனமுடைந்து போகாதீர்கள். உங்கள் மாவட்டத்தின் கணக்கைப் பாருங்கள். முந்திய ஆண்டின் வெட்டுப்புள்ளி ஒரு குறிப்பேயன்றிக் கட்டளையன்று; அது ஆண்டுக்காண்டு மாறும்.

மூன்றாவது, விருப்ப வரிசையை உண்மையான விருப்பப்படி எழுதுங்கள். ஒரே பாடநெறி இரு பல்கலைக்கழகங்களில் இருந்தால் அவை தனித்தனி விருப்பங்களாகும். எட்டாத ஒன்றை முதலிலே எழுதினால் இரண்டாவதையும் இழந்துவிடுவோமோ என்று அஞ்சுவோர் பலர். அவ்வாறன்று. உமது புள்ளிக்கு எட்டக்கூடியவற்றுள் வரிசையிலே எது மேலே இருக்கிறதோ அதுவே கிடைக்கும். எனவே, வரிசையில் மேலே உள்ளது உமக்கு உண்மையிலேயே மேலானதாக இருத்தல் வேண்டும். அயலவர் கண்ணுக்காக முதலில் எழுதியது கிடைத்துவிட்டால் படிக்கப்போகிறவர் அயலவரல்லர். ஓரிடத்திற் பதிவு செய்துகொண்டபின் மீண்டும் விண்ணப்பிப்பதற்குக் கட்டுப்பாடுகள் உண்டு. பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு ஆண்டுதோறும் வெளியிடும் கைந்நூலை முதலிலிருந்து முடிவு வரை பெற்றோரும் பிள்ளையும் சேர்ந்து படியுங்கள். தேர்த்திருவிழாப் பிரசுரத்தைப் படிப்பது போலப் புரட்டிவிட்டு வைக்காதீர்கள்.

நான்காவது, மொழிக்கு ஆயத்தமாகுங்கள். பேராதனையிலே கலைப் பீடத்தில் தமிழிற் கற்க வழியுண்டு. மருத்துவம், பொறியியல், விஞ்ஞானம், விவசாயம் ஆகியவற்றை ஆங்கிலத்திலேயே கற்க வேண்டும். தமிழ்மொழி மூலம் உயர்தரத்திலே திறமையாகச் சித்தியடைந்த பிள்ளை முதல் மாதத்திலே விரிவுரை விளங்காமல் கண்கலங்குவது புதிதன்று. பரீட்சை முடிந்ததும் பல்கலைக்கழகந் தொடங்கும் வரையும் கிடைக்கும் மாதங்களை வீணாக்காதீர்கள். நாளுக்கு ஒரு மணி நேரம் உங்கள் பாடத்தையே ஆங்கிலத்தில் வாசித்து, வாசித்ததை ஐந்து வரியில் எழுதிப் பாருங்கள். பேராதனைக்கோ கொழும்புக்கோ மொறட்டுவைக்கோ செல்வோர் சிங்களத்திலும் சிறிது பேசப் பழகுதல் நலம். கடையிலே பொருள் வாங்கவும், விடுதியிலே நட்புக் கொள்ளவும் அது உதவும்.

ஐந்தாவது, செலவைப் பற்றி வெளிப்படையாகப் பேசுங்கள். கற்பித்தலுக்குக் கட்டணம் இல்லாவிடினும் உணவு, புத்தகம், போக்குவரத்து, உடை ஆகியவற்றுக்குப் பணம் வேண்டும். 1981இல் லலித் அத்துலத்முதலி தொடக்கிவைத்த மகாபொல புலமைப்பரிசில் தகுதியுள்ள மாணவர்க்கு உதவுகிறது. வேறு உதவுதொகையும் உண்டு. ஆனால் முதற் பணம் கைக்கு வரச் சில மாதங்கள் செல்லலாம். அம்மாதங்களுக்கு வேண்டியதைக் குடும்பம் முன்னரே சேர்த்துவைத்தல் வேண்டும். பிள்ளையும் சோறு சமைக்கவும், உடை தோய்க்கவும், கைப்பணத்துக்குக் கணக்கு எழுதவும் வீட்டிலேயே பழக வேண்டும். இதில் ஆண்பிள்ளை, பெண்பிள்ளை என்ற வேறுபாடு கூடாது.

ஆறாவதாக ஒன்றை மறைக்காமற் சொல்ல வேண்டும். பகிடிவதை என்னுங் கொடுமை நமது பல்கலைக்கழகங்களை விட்டு இன்னும் முற்றாக ஒழியவில்லை. 1997இல் பேராதனையிலே தமிழ் மாணவரொருவர் அதனால் உயிரிழந்தார். மறு ஆண்டிலே, 1998ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டம் அதனைத் தண்டனைக்குரிய குற்றமாக்கிற்று. புதிய மாணவர் அஞ்சி வாய்மூடி இருத்தல் ஆகாது. வீட்டாரிடமும், பல்கலைக்கழக அதிகாரிகளிடமும் உடனே முறையிட வேண்டும். அவ்வாறே மூத்த மாணவராகும்பொழுது அதனைச் செய்யாதிருக்கும் உறுதியையும் வீட்டிலிருந்தே கொண்டுசெல்ல வேண்டும்.

பேராதனையைப் பற்றியே எழுதினேன் என்று எண்ண வேண்டாம். யாழ்ப்பாணத்தவர் திருநெல்வேலிக்குப் போய்ப் பாருங்கள். சேர் பொன்னம்பலம் இராமநாதன் 1921இல் நிறுவிய பரமேசுவராக் கல்லூரி இருந்த இடத்திலே 1974இல் தோன்றிய பல்கலைக்கழகம் அது. அதன் பொறியியற் பீடமும் விவசாய பீடமும் கிளிநொச்சி அறிவியல் நகரில் இருக்கின்றன. திருநெல்வேலியிலே பயிலலாம் என்று கருதி விண்ணப்பித்துவிட்டுப் பின்னர் திகைப்போரும் உளர். மட்டக்களப்பார் வந்தாறுமூலைக்கும், அம்பாறை மாவட்டத்தார் ஒலுவிலுக்கும், வன்னியிலுள்ளோர் 2021இல் தனிப் பல்கலைக்கழகமாகிய வவுனியாவுக்கும் ஒருநாள் செல்லலாம். சென்றால் வாயிலைப் பார்த்துவிட்டுத் திரும்பாதீர்கள். நூலகத்தைப் பாருங்கள். விடுதியைப் பாருங்கள். உணவுச்சாலையிலே ஒரு தேநீர் குடித்துக்கொண்டு, இரண்டாம் ஆண்டு மாணவரொருவரிடம், "நீங்கள் வரும்போது அறியாமலிருந்தது எது?" என்று கேளுங்கள். அவ்வொரு வினாவுக்குக் கிடைக்கும் விடை பத்துப் பேரின் ஆலோசனைக்குச் சமம்.

இடங் கிடையாத பிள்ளைகளுக்கும் ஒரு சொல். தகுதி பெறுவோர் பலர், இடங்களோ சில. கிடையாமை என்பது திறமையின்மை ஆகாது. 1980இல் நிறுவப்பெற்ற திறந்த பல்கலைக்கழகத்திலே வேலை செய்துகொண்டே பட்டம் பெறலாம். கல்வியியற் கல்லூரிகள் உண்டு. மலையகத்தார்க்குக் கொட்டகலைப் பத்தனையிலே ஸ்ரீபாத கல்வியியற் கல்லூரி அண்மையிலேயே இருக்கிறது. உயர் தொழினுட்பக் கல்வி நிறுவனங்கள் உண்டு. இவற்றையும் பேராதனையைப் பார்த்த அதே கண்ணோடு போய்ப் பாருங்கள்.

ஒருநாட் பேருந்துச் செலவும் ஒரு கட்டுச்சோறுமே இதற்கு வேண்டியவை. அடுத்த விடுமுறையிலே பெற்றோர் ஒரு நாளை இதற்கென ஒதுக்குவார்களாக. பிள்ளைகள் கையிலே ஒரு குறிப்புப் புத்தகத்தை எடுத்துச் செல்வார்களாக. சாதாரணதரத்திலே படிக்கும் தம்பி தங்கையரையும் உடன் அழைத்துச் செல்லுங்கள். உயர்தரத்துக்கு எந்தப் பாடங்களை எடுப்பது என்று அவர்கள் தீர்மானிக்கவேண்டிய நாளும் தொலைவில் இல்லை.